விசையின் பெயரா, விசையின் இடமா? டைலிங் சாளர மேலாளரும் தமிழ்த் தட்டச்சும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் கணினியில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் வகையில் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன புராசஸரும் இருக்க வேண்டும். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எங்கும் ஜெராக்ஸ் கடைகளிலும் தேயிலைக் கணக்கு எழுதும் சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் பல இந்த நிபந்தனைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாறும்போது, நினைவகம் குறைந்த கணினிக்கு ஏற்றது என்று கருதி, நிறுவித் தருபவர் சில வேளைகளில் ஐ3, ஸ்வே போன்ற, சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் பக்கம் பக்கமாக அடுக்கும் டைலிங் சாளர மேலாளர் ஒன்றை வைத்துக் கொடுக்கிறார். முதன்முறை உள்ளே நுழைபவருக்கு வெறுமையான திரையும் அதன் அடியிலோ தலையிலோ ஒரு மெல்லிய பட்டையும் மட்டுமே தெரிகின்றன. தொடக்கப் பொத்தானும் படவுருக்களும் காணப்படாததால், கணினி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அது பழுதன்று, கட்டளைக்காகக் காத்திருக்கும் நிலை. அந்தக் கட்டளைகள் விசைப்பலகை வழியாகத் தரப்படுகின்றன. இதில் புதியவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. இத்தனை விசைச் சேர்க்கைகளை எப்படி நினைவில் வைப்பது என்பது முதலாவது. ஆங்கிலத்தில் ஒழுங்காக வேலை செய்த குறுக்குவிசைகள் தமிழுக்கு மாறிய உடனே ஏன் அடங்கிப்போகின்றன என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை சொல்பவர்கள் பலர் உண்டு. இரண்டாவது கேள்வி தமிழ் போன்ற பிற எழுத்துகளில் எழுதுபவருக்கே எழுவதால், அது தமிழில் அதிகம் விளக்கப்படாமலே கிடக்கிறது. இக்கட்டுரை அதற்கு அதிக இடம் கொடுக்கிறது.

சாளர மேலாளர் செய்யும் வேலை

திரையில் உள்ள ஒவ்வொரு சாளரத்துக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் உண்டு. சாளரத்துக்குள்ளே என்ன தெரிய வேண்டும் என்பதை அந்த நிரல் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சாளரம் திரையில் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு அகலம் எடுத்துக்கொள்ள வேண்டும், தட்டப்படும் எழுத்துகள் எந்தச் சாளரத்துக்குச் செல்ல வேண்டும் என்பவற்றைச் சாளர மேலாளர் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இது இயங்குதளத்தோடு ஒட்டியே வருவதால், தனியாக இப்படி ஒன்று இருப்பதே பயனருக்குத் தெரிவதில்லை. லினக்ஸின் நிலைமை வேறு. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் தொடங்கிய எக்ஸ் சாளர முறை, திரையில் வரையும் பணியையும் சாளரங்களை ஒழுங்குசெய்யும் பணியையும் வெவ்வேறு நிரல்களிடம் பிரித்துக் கொடுத்தது. அதனால்தான் லினக்ஸில் ஒரு மேலாளரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ள முடிகிறது.

நாம் பழகிய மேலாளர்கள் சாளரங்களை மேசைமேல் போட்ட காகிதங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக விழ விடுகின்றன. அடியில் போனதைத் தேடி எடுப்பது நம் வேலை. டைலிங் மேலாளர் திரையை நிலமாகப் பார்க்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவுகளை மேட்டிலிருந்து பார்த்தவர்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் பாத்தி பாத்தியாக நிற்பதைக் கண்டிருப்பார்கள். ஒரு பாத்தியின்மேல் இன்னொரு பாத்தி ஏறுவதில்லை; இடையில் தரிசு விடுவதும் இல்லை. ஒரு வரப்பைத் தள்ளிக் கட்டினால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். டைலிங் மேலாளரில் ஒரே சாளரம் இருந்தால் முழுத் திரையும் அதனுடையது. இரண்டாவது சாளரம் திறக்கப்பட்டால் திரை இரண்டு பாத்திகளாகிறது. ஒன்றை மூடினால் வரப்பு அழிந்து, அந்த இடம் பக்கத்துச் சாளரத்தோடு சேர்ந்துவிடுகிறது.

இந்த முறை நேற்று வந்ததன்று. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி பெரும்பாலும் சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கியது. 1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0 பதிப்பும் அப்படித்தான். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் வசதி 1987இல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தது. பின்னர் 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் எக்ஸ்மோனாட், 2009இல் மைக்கேல் ஸ்டேப்பல்பெர்க் எழுதத் தொடங்கிய ஐ3 ஆகியவை பழைய முறையை விசைப்பலகையோடு இணைத்துப் புதுப்பித்தன. ஐ3யின் பழக்கங்களை வேலேண்ட் என்னும் புதிய திரை முறைக்குக் கொண்டு வந்தது ஸ்வே. விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் விசையுடன் இடது அம்பை அழுத்தினால் சாளரம் பாதித் திரைக்கு ஒதுங்குகிறது. மேக் இயங்குதளத்தில் இத்தகைய வசதி 2024இல் செக்வோயா பதிப்போடு வந்தது. இந்த வசதியைப் பயன்படுத்தியவர் எவரும் டைலிங்கின் வாசற்படி வரை வந்தவரே.

வரப்பு போடுவது யார்?

டைலிங் மேலாளர்களுக்குள் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட் போன்றவை வரப்பைத் தாமே போடுகின்றன. திரையின் இடப்பக்கம் முதன்மைச் சாளரத்துக்கு. மற்றவை எல்லாம் வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்று. பயனர் முக்கியமாக மாற்றுவது முதன்மைப் பகுதியின் அகலமும் அதில் எந்தச் சாளரம் நிற்க வேண்டும் என்பதும்தான். ஐ3, ஸ்வே இரண்டும் அடுத்த சாளரம் பக்கவாட்டில் வர வேண்டுமா, கீழே வர வேண்டுமா என்பதைப் பயனரிடமே விட்டுவிடுகின்றன. இவற்றுள் ஒவ்வொரு பிரிவும் இன்னொரு பிரிவுக்குள் அடங்கும் கிளைமரமாக நினைவில் வைக்கப்படுகிறது. வலப்பாதியை மட்டும் மேல் கீழாகப் பிரித்து, அதன் கீழ்ப்பகுதியை மறுபடியும் இடம் வலமாகப் பிரிக்க முடிவது இதனால்தான்.

திரைக்கு எல்லை உண்டு. மடிக்கணினியின் சிறிய திரையில் மூன்று சாளரங்களுக்கு மேல் வைத்தால் எதையும் படிக்க இயலாது. அதற்காகத்தான் பணியிடங்கள். ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட பத்துத் தனித் திரைகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, மற்றவை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும்.

குறுக்குவிசையின் இலக்கணம்

ஐ3யின் இயல்பான அமைப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விசைச் சேர்க்கைகள் உள்ளன. அதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ய முயல்பவர்கள் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள். அது பட்டியலாக உருவாக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அதற்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. தமிழ் இலக்கணத்தைப் பள்ளியில் படித்தவருக்கு அது மிகவும் பழகிய இலக்கணம்.

1. மாட் விசை ஒரு விளி. எல்லாச் சேர்க்கைகளும் ஒரு குறிப்பிட்ட விசையை அழுத்திப் பிடிப்பதில் தொடங்குகின்றன. அதற்கு மாட் என்று பெயர். பெரும்பாலும் விண்டோஸ் சின்னம் பொறித்த விசையே அது. எட்டாம் வேற்றுமை செய்யும் வேலையை இது செய்கிறது. “ஐயா”, “அம்மா” என்று அழைத்த பிறகு சொல்லப்படுவது யாருக்கு என்பது தெளிவாகிவிடுகிறது அல்லவா? மாட் இல்லாமல் டி என்ற விசையைத் தட்டினால் அது கடிதத்தில் எழுத்தாக விழும். மாட் பிடித்துக்கொண்டு டி தட்டினால், சொன்னது சாளர மேலாளரிடம் என்று பொருள். நிரல்களைப் பெயர் சொல்லித் திறக்கும் பட்டி தோன்றும்.

2. அடுத்து வருவது வினை. மாட்+எண்டர், கட்டளைகளை எழுத்தாகத் தட்டி இயக்கும் கட்டளை முனையத்தைத் திறக்கும். மாட்+எஃப் நடப்புச் சாளரத்தை முழுத்திரையாக்கும். மறுபடி அழுத்தினால் பழைய பாத்திக்கே திரும்பும். மாட்+வி அடுத்த சாளரத்தைக் கீழே வரச் செய்யும். ஐ3யில் மாட்+எச் பக்கவாட்டில் வரச் செய்யும். மாட்+டபிள்யூ ஒரு பாத்தியில் உள்ள சாளரங்களை உலாவியின் தாவல்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக்கும். இத்தகைய வினைகள் தொடக்கத்தில் ஐந்தாறு தெரிந்தால் போதும்.

3. திசையும் எண்ணும் செயப்படுபொருள்கள். மாட் உடன் வலது அம்பை அழுத்தினால் கவனம், அதாவது தட்டும் எழுத்துகளைப் பெறும் நிலை, வலப்பக்கச் சாளரத்துக்குச் செல்லும். மாட்+3 மூன்றாம் பணியிடத்துக்கு அழைத்துச் செல்லும்.

4. ஷிஃப்ட் தன்வினையைப் பிறவினையாக்குகிறது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். நகர், நகர்த்து, திரும்பு, திருப்பு, செல், செலுத்து என்ற இணைகளைப் போன்றது இது. மாட்+வலது அம்பு என்றால் நீங்கள் வலப்பக்கம் நகர்கிறீர்கள். இடையில் ஷிஃப்ட் சேர்ந்தால் கையில் உள்ள சாளரத்தை வலப்பக்கம் நகர்த்துகிறீர்கள். மாட்+3 என்றால் நீங்கள் மூன்றாம் பணியிடத்துக்குச் செல்கிறீர்கள். மாட்+ஷிஃப்ட்+3 என்றால் சாளரத்தை அங்கே செலுத்துகிறீர்கள், நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். எல்லா ஷிஃப்ட் சேர்க்கைகளும் இந்த விதிக்குள் அடங்கா. சாளரத்தை மூடுவது, அமைப்பை மீண்டும் படிக்கச் செய்வது, வெளியேறுவது போன்ற பின்விளைவுள்ள செயல்களிலும் ஷிஃப்ட் வருகிறது. தவறி விரல் பட்டு அவை நடந்துவிடாமல் இருக்க வைத்த காவல் அது.

5. சில உரையாடல்களில் விளி ஒருமுறை போதும். மாட்+ஆர் அழுத்தினால் அளவு மாற்றும் நிலைக்குள் நுழைகிறோம். அதற்குள் மாட் பிடிக்கத் தேவையில்லை. அம்பு விசைகளை மட்டும் தட்டி வரப்பைத் தள்ளலாம். எண்டர் அல்லது எஸ்கேப் தட்டினால் அந்த நிலை முடியும். இந்த நிலைக்குள் இருப்பதை மறந்துவிட்டு, கடிதத்தில் எழுத்து விழவில்லையே என்று தவிப்பது புதியவர்களிடம் அடிக்கடி நிகழ்கிறது. பட்டையில் நிலையின் பெயர் காட்டப்படும். அதைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

அழுத்திய விசை எங்கே செல்கிறது?

இரண்டாவது குழப்பத்தைத் தீர்க்க, ஒரு விசை தட்டப்பட்டது முதல் அது எழுத்தாகவோ கட்டளையாகவோ மாறும் வரை என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விசைப்பலகைக்கு எழுத்துகளே தெரியாது. டி என்று அச்சிட்ட விசையைத் தட்டினால், இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் ஓர் எண்ணாகக் கணினிக்குச் செல்கிறது. எக்ஸ் முறையில் அந்த விசையின் எண் 40. எண்டர் விசையின் எண் 36. இதை விசையின் இட எண் எனலாம். பிறகு தளவமைப்பு என்னும் அட்டவணை ஒன்று பார்க்கப்படுகிறது. ஆங்கில அட்டவணை நடப்பில் இருந்தால் 40 என்பது டி. தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகையின் அட்டவணை நடப்பில் இருந்தால் அதே 40 என்பது உ. இதை விசையின் பெயர் எனலாம். இடம் மாறாது, பெயர் மாறும்.

எக்ஸ் முறையில் சாளர மேலாளர், தான் தொடங்கும்போதே, இன்னின்ன விசைச் சேர்க்கைகள் வந்தால் தன்னிடம் தர வேண்டும் என்று முன்பதிவு செய்துகொள்கிறது. முன்பதிவு செய்யப்பட்ட சேர்க்கை மேலாளருக்குச் செல்லும். மற்றவை கவனத்தில் உள்ள சாளரத்துக்குச் செல்லும். ஒரே சேர்க்கையை இரண்டாவதாக ஒரு நிரல் முன்பதிவு செய்ய முயன்றால் மறுக்கப்படும். வேலேண்டில் திரையை ஆள்வதும் சாளரங்களை ஆள்வதும் ஒரே நிரல் என்பதால், எல்லா விசைகளையும் அதுவே முதலில் பார்க்கிறது. இரண்டு முறையிலும் முந்துவது மேலாளரே.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, மாட் விசையாக ஆல்ட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லதன்று. ஐ3 முதன்முறை தொடங்கும்போது விண்டோஸ் விசையா ஆல்ட்டா என்று கேட்கிறது. பல நிரல்கள் தங்கள் பட்டிகளைத் திறக்க ஆல்ட்டைப் பயன்படுத்துகின்றன. உலாவியின் முகவரிப் பெட்டிக்குச் செல்லும் ஆல்ட்+டி அவற்றில் ஒன்று. ஆல்ட்டை மாட் ஆக்கினால் அந்த ஆல்ட்+டி மேலாளரிடம் சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது விளைவு தமிழில் எழுதுபவரை நேரே தாக்குகிறது. தமிழ் உள்ளீட்டுக்குப் பலர் பயன்படுத்தும் ஐபஸ் என்னும் நிரல், மொழி மாற்ற விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறது. அதே சேர்க்கையை ஐ3, பாத்திக்குள் அடங்காமல் மேலே மிதக்கும் சாளரங்களுக்கும் பாத்தியில் உள்ள சாளரங்களுக்கும் இடையே கவனத்தை மாற்றுவதற்கு வைத்திருக்கிறது. ஐ3 முந்திக்கொள்வதால் ஐபஸுக்குச் செய்தி போய்ச் சேருவதில்லை. தமிழ் வரவில்லை என்று ஐபஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஐபஸின் விசையைக் கண்ட்ரோல்+இடைவெளி என்று மாற்றுவது வழக்கமான யோசனை. ஆனால் லிப்ரே ஆபீஸ் கணக்குத்தாளில் அது ஒரு முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும் விசை. கணக்கு எழுதுபவருக்கு அது கையோடு ஒட்டிய பழக்கம். ஆகவே ஐ3யின் விசையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, மொழி மாற்றத்துக்கு அந்தச் சேர்க்கையை விட்டுக்கொடுப்பதே சரி என்று இக்கட்டுரை கருதுகிறது. மொழி மாற்றும் தேவை நாள் முழுக்க எழுவது. மிதக்கும் சாளரத்தைத் தேடும் தேவை எப்போதோ எழுவது.

தமிழுக்கு மாறியதும் குறுக்குவிசைகள் ஏன் அடங்குகின்றன?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஐ3யின் இயல்பான அமைப்பில் இடம், கீழ், மேல், வலம் என்ற நான்கு திசைகளுக்கும் அம்பு விசைகளைத் தவிர ஜே, கே, எல், அரைப்புள்ளி என்ற நான்கு விசைகளும் உள்ளன. வலக்கையின் நான்கு விரல்களும் இயல்பாக ஓய்வெடுக்கும் இடங்கள் அவை. தமிழ்99இல் அதே நான்கு இடங்களில் ப, ம, த, ந வரிசையாக நிற்கின்றன. பட்டி திறக்கும் டி விசையில் உ. முழுத்திரைக்கான எஃப் விசையில் ஆய்தம். சாளரத்தை மூடும் கியூ விசையில் ஆ. வி விசையில் வ அமைந்தது மட்டும் காதுக்கு இனிய ஒற்றுமை.

இப்போது கேள்வி எளிது. மேலாளரின் விசைகளை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பில் மாட்+டி என்று எழுதியிருந்தால், மேலாளர் தேடுவது டி என்ற பெயரையா, அந்தப் பெயர் பொறித்த இடத்தையா? இயல்பான எழுத்துமுறையில் பெயர்தான் எழுதப்படுகிறது. அதற்கான சொல் பைண்ட்சிம். இடத்தைச் சொல்ல வேண்டுமானால் பைண்ட்கோட் என்ற சொல்லையும் 40 என்ற எண்ணையும் எழுத வேண்டும். பெயரை எழுதியிருந்தால், தமிழ்99 நடப்பில் உள்ளபோது டி என்ற பெயருடைய விசை பலகையில் எங்குமே இல்லாமல் போகலாம். மேலாளர் பிழைச் செய்தி எதுவும் தருவதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறது. கணினி உறைந்துவிட்டது என்ற எண்ணம் அந்த மௌனத்திலிருந்தே வருகிறது.

எந்த மேலாளர் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் வேறுபாடுகள் உள்ளன.

1. ஐ3 பெயர்களைத் தளவமைப்புப் பட்டியலில் முதலில் உள்ள மொழியைக் கொண்டு இடங்களாகப் பெயர்த்துக்கொள்கிறது. ஆகவே ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் சேர்த்து வைத்திருந்தால் தொல்லை குறைவு. ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழை மட்டும் ஏற்றும்போதும், தமிழை முதலாவதாக வைக்கும்போதும்தான் எழுத்து விசைகள் அடங்குகின்றன. அடிக்கடி தளவமைப்பு மாற்றுபவர்கள் இட எண்ணையே எழுத வேண்டும் என்று ஐ3யின் கையேடே சொல்கிறது.

2. ஸ்வே நடப்பில் உள்ள தளவமைப்பின் பெயரைப் பார்க்கிறது. தமிழுக்கு மாறிய கணமே மாட்+டி வேலை செய்யாது. அமைப்புக் கோப்பில் பைண்ட்சிம் என்ற சொல்லுக்குப் பின் டு-கோட் என்னும் குறிப்பைச் சேர்த்தால், முதல் தளவமைப்பைக் கொண்டு பெயரை இடமாக மாற்றிக்கொள்ளும். எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதால் தமிழ் எழுதுபவருக்கு இதுவே மிகத் துப்புரவான தீர்வு.

3. ஹைப்ர்லாண்ட் என்னும் புதிய மேலாளர், இயல்பாகவே முதல் தளவமைப்பு நடப்பில் இருப்பதாகக் கொண்டு விசைகளைப் படிக்கிறது.

இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. லினக்ஸில் தமிழை இரண்டு வெவ்வேறு அடுக்குகளில் தட்டலாம். தளவமைப்பு அட்டவணையையே தமிழாக மாற்றுவது ஒரு வழி. ஐபஸ், எஃப்சிட்எக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்களைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. உள்ளீட்டு நிரலில் ஆங்கிலத் தளவமைப்பு அப்படியே இருக்கிறது. மேலாளர் தனக்கான சேர்க்கைகளை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தட்டல்களையே உள்ளீட்டு நிரல் தமிழாக மாற்றிச் சாளரத்துக்குத் தருகிறது. ஆகவே அந்த வழியில் பெயர் மாறும் சிக்கலே எழுவதில்லை.

தமிழ்99இன் உண்மையான ஆற்றலும் அந்த இரண்டாவது வழியில்தான் கிடைக்கிறது. க என்பதை இருமுறை தட்டினால் க்க என்று புள்ளி தானே வருவதும், ங தட்டிக் க தட்டினால் ங்க ஆவதும் தமிழ்99இன் விதிகள். முன்னால் எது தட்டப்பட்டது என்பதைப் பார்த்து முடிவெடுக்கும் இந்த வேலையை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று எழுதப்பட்ட அட்டவணை செய்ய இயலாது. பழைய தட்டச்சு இயந்திர முறையில் பழகியவர்களுக்கும், ஆங்கில ஒலிப்பில் தட்டித் தமிழ் பெறுபவர்களுக்கும் இதே வழி உதவும். தமிழில் நாள்தோறும் எழுதுபவர், குறுக்குவிசைக்காகவும் எழுத்துக்காகவும் சேர்த்தே உள்ளீட்டு நிரலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோத்தகிரியில் ஓர் அலுவலகம்

சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்கிக் கணக்கு எழுதும் ஓர் அலுவலகம் கோத்தகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பணியிடத்தில் இடப்பாதியில் எடைச்சீட்டுகளின் படங்கள், வலப்பாதியில் கணக்குத்தாள். எடையைப் பார்த்துப் பதிவதற்குச் சாளரம் மாற்ற வேண்டியதே இல்லை. இரண்டும் கண்முன் நிற்கின்றன. அடுத்த சீட்டைப் பார்க்க மாட்+இடது அம்பு, ஒரு தட்டல், மாட்+வலது அம்பு. இரண்டாம் பணியிடத்தில் உலாவி. மூன்றாம் பணியிடத்தில் விவசாயிகளுக்கான தமிழ்க் கடிதம். விலை பற்றிய கேள்வி தொலைபேசியில் வந்தால் மாட்+2. பதில் சொல்லி முடித்ததும் மாட்+1. கடிதத்தை எடையோடு ஒப்பிட வேண்டி வந்தால், மூன்றாம் பணியிடத்தில் நின்று மாட்+ஷிஃப்ட்+1 அழுத்திக் கடிதத்தை அங்கே செலுத்தி, தாமும் மாட்+1 அழுத்திப் பின்தொடரலாம்.

உதகையில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு தட்டச்சு செய்து தரும் கடைக்கும் இதே அமைப்புப் பொருந்தும். ஒரு பக்கம் பட்டாவின் படம், மறுபக்கம் மனு. சர்வே எண்ணைக் கண்ணால் பார்த்தபடியே தட்டுவதால் பிழை குறையும். ஓர் எண் தவறினால் மனு கொடுப்பவர் மறுபடியும் பேருந்து ஏறி வர வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் வசதியாகத் தோன்றாது.

குளிர், ஈரம், மின்தடை

மடிக்கணினியின் தொடுபலகை, விரலுக்கும் தனக்கும் இடையே ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை உணர்ந்து இயங்குகிறது. கம்பளிக் கையுறை அந்த உணர்வைத் தடுத்துவிடும். ஈர விரல் பட்டால் சுட்டி தாவித் தாவிச் செல்லும். மார்கழி, தைக் காலையில் உறைபனி படியும் உதகையிலும், ஆனி ஆடியில் நாள்கணக்கில் மழை விடாத கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலும் இவை சிறிய தொல்லைகள் அல்ல. விசைகளுக்கு அழுத்தம் மட்டும் போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. ஐ3யிலும் ஸ்வேயிலும் சுட்டி எந்தச் சாளரத்தின்மேல் செல்கிறதோ அதற்கே கவனமும் செல்வது இயல்பு. ஈரத்தால் சுட்டி தாவினால், கடிதத்துக்கெனத் தட்டிய எழுத்துகள் கணக்குத்தாளில் போய் விழும். கவனம் சுட்டியைப் பின்தொடர வேண்டாம் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி இதை நிறுத்திவிடலாம். மலையில் பயன்படும் மடிக்கணினியில் முதல் நாளே எழுத வேண்டிய வரி அது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், பழைய மடிக்கணினியின் பேட்டரி தாங்காமல் கணினி அணைவதும் பழகிய நிகழ்வுகள். மறுபடி தொடங்கும்போது, பார்த்துப் பார்த்துப் போட்ட பாத்திகள் இருக்கமாட்டா. கையால் போட்ட ஒழுங்கை நம்புவதைவிட, கணக்குத்தாள் எப்போதும் 1இல், உலாவி எப்போதும் 2இல் என்று ஒதுக்கீட்டு விதிகளை எழுதி வைப்பது மேல். நிரலைத் திறந்தால் அது தன் இடத்துக்குத் தானே போய்ச் சேரும்.

பொருந்தாத இடங்களும் தொடங்கும் முறையும்

படங்களைத் திருத்துவது, வரைவது, திருமண அழைப்பிதழை வடிவமைப்பது போன்ற வேலைகளுக்குச் சுட்டி இன்றியமையாதது. சிறு கருவிப் பெட்டிகள் பலவற்றைச் சிதறி வைக்கும் நிரல்களைப் பாத்திக்குள் அடக்கினால் அவை நசுங்கிப்போகும். அவற்றை மாட்+ஷிஃப்ட்+இடைவெளி அழுத்தி மிதக்க விடலாம். ஒரே கணினியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கடைகளில், எல்லோரும் பழகும் வரை இந்த மேலாளரை வைப்பது நியாயமன்று. உள்நுழையும்போது வழக்கமான மேசைத்தளம், டைலிங் மேலாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வைத்திருக்க வேண்டும். நாள் முழுவதும் ஒரே சுண்டுவிரலால் மாட் விசையைப் பிடிப்பவருக்கு அந்த விரல் வலிக்கும். கட்டைவிரலுக்கு எட்டும் விசையை மாட் ஆக்கிக்கொள்வதை முதல் வாரத்திலேயே யோசிக்கலாம்.

பழகுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் மூன்று நாள்கள் மாட்+எண்டர், மாட்+டி, அம்பு விசைகள், மாட்+ஷிஃப்ட்+கியூ ஆகியவை மட்டும். அவை கைக்கு வந்த பிறகு எண்கள். அதன்பின் ஷிஃப்ட்டோடு எண்கள். பாத்தி பிரிப்பதும் அளவு மாற்றுவதும் இரண்டாம் வாரத்துக்குக் காத்திருக்கலாம். தமிழ் உள்ளீட்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முதல் நாளே அதைச் சரிசெய்து, தமிழ் நடப்பில் உள்ளபோது மாட்+டி பட்டியைத் திறக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும்.

எல்லா விசைகளும் ஒதுக்கீடுகளும் ஒரே அமைப்புக் கோப்பில் எளிய உரையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஐ3யில் அதைத் திருத்திய பின் மாட்+ஷிஃப்ட்+சி அழுத்தினால் மேலாளர் அதை மறுபடி படிக்கும். பிழை இருந்தால் திரையின் மேலே எச்சரிக்கைப் பட்டை தோன்றும். திருத்தும் முன் அந்தக் கோப்பின் ஒரு படியைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால், கணினியே மாறினாலும் அதை உரிய இடத்தில் போட்டவுடன், அதே நிரல்களும் நிறுவப்பட்டிருக்கும் வரை, அதே விசைகள் அதே இடத்தில் வேலை செய்யும்.